வுல்கோலினெட்ஸ்: 45 கட்டடங்கள், இருபதுக்கும் குறைவான மனிதர்கள்

ஸ்லோவாக்கியாவின் வடபகுதியில், வெல்கா ஃபாத்ரா மலைத்தொடரை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் அமைந்துள்ள வுல்கோலினெட்ஸ், 1993ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மலைக்கிராமம். இங்கே 45 மரக்கட்டடங்கள் பழைய நிலையிலேயே நிற்கின்றன. ஆனால் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இருபது பேர்கூட இல்லை. இந்த ஊருக்குப் புறப்பட்டபோது வீடுகளைப் பார்க்கும் ஆவல்தான் எனக்கு முதலில் இருந்தது. திரும்பிய பிறகு அந்த மக்கள்தொகைக் கணக்கே மனத்தை விட்டு அகலவில்லை.

வாஹ் ஆற்றங்கரையில் இருக்கும் ருஷொம்பெரொக் நகரம்தான் இதற்கு நுழைவாயில்; நிர்வாகத்திலும் இக்கிராமம் இன்று அந்நகரத்தின் ஒரு பகுதியே. நகரின் தெற்கு விளிம்பிலிருந்து காட்டுப்பாதையில் ஏறினால், 1,099 மீட்டர் உயரமுள்ள சிதோரோவோ மலையின் அடியில், சரிவை ஒட்டி இறங்கும் ஒற்றைத் தெருவாக ஊர் கண்ணில் படுகிறது. தெருவின் நடுவே மரத்தொட்டிகளின் வழியாக ஓடை நீர் ஓடுகிறது. இருபுறமும் வீடுகளின் குறுகிய முகப்புகள் தெருவைப் பார்த்து நிற்க, அவற்றின் பின்னால் கொட்டில்களும் களஞ்சியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நீள்கின்றன.

ஒரு வீட்டின் சுவரருகே நெடுநேரம் நின்றேன். கல் அடித்தளத்தின்மேல் கிடைமட்டமாக அடுக்கிய மரக்கட்டைகள், மூலைகளில் ஒன்றையொன்று கவ்வும்படி வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தன. கட்டைகளுக்குமேல் களிமண் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சில வீடுகளுக்கு வெள்ளை, சிலவற்றுக்கு இளநீலம். பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில், மண் நழுவாமல் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டையில் அறைந்திருந்த சிறு மர முளைகள் வரிசையாகத் தெரிந்தன. கூரைக்கு வேய்ந்திருப்பதும் மரப்பலகைச் சில்லுகளே. அருங்காட்சியகமாக ஆக்கப்பட்ட உழவர் வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்பு இருந்த முன்கூடத்தில் கூரைவரை புகைக்கரி படிந்திருப்பதையும், ஒரே அறையில் குடும்பம் முழுவதும் உண்டு உறங்கியதையும் புரிந்துகொள்ள முடிகிறது.

இவ்வூரைப் பற்றிய முதல் எழுத்துப்பதிவு 1376ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹங்கேரி அரசின் கீழ் இருந்த அக்காலத்திலிருந்தே, இம்மக்கள் ருஷொம்பெரொக்குக்குக் கட்டுப்பட்டவர்களாக உழவும் ஆட்டு மேய்ச்சலும் மரம் வெட்டுதலும் செய்து வாழ்ந்தார்கள். இரண்டடுக்கு மர மணிக்கூண்டு 1770இலும், கன்னி மரியாவின் பெயரால் அமைந்த தேவாலயம் 1875இலும் எழுந்தன. மண் செழிப்பானதன்று. நிலமோ பிள்ளைகள் அனைவருக்கும் பாகப்பிரிவினை ஆகி, தலைமுறைக்குத் தலைமுறை மெலிந்து, மலைச்சரிவில் நீண்ட குறுகிய பட்டைகளாயிற்று. அந்தப் பட்டைகளின் வரப்புகளை இன்றும் புல்வெளியில் அடையாளம் காணலாம். வீடுகள் இத்தனை நெருக்கமாக அமைந்ததற்கும், ஒரே முற்றத்தைச் சில குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டதற்கும் இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

1944 ஆகஸ்ட் 29 அன்று, நாஜி ஜெர்மனிக்கு எதிரான ஸ்லோவாக்கிய தேசிய எழுச்சி தொடங்கியது. அடுத்த மாதமே போர் இம்மலைக்கும் வந்து, ஊரின் ஒரு பகுதி எரிந்து சாம்பலானது. வழிகாட்டிப் பலகைகளைப் படித்துவிட்டு நடப்பவர்கள் இந்தச் செய்தியை எளிதில் கடந்துவிடுகிறார்கள். முழுமையாகக் காக்கப்பட்ட ஊர் என்று நாம் வியப்பது, தீயிலிருந்து தப்பியதை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தீயைவிடவும் ஊரை அதிகமாகக் காலி செய்தது பிழைப்புத் தேவைதான். கீழே ருஷொம்பெரொக்கில் காகித ஆலையும் துணி ஆலையும் மாதச் சம்பளம் கொடுத்தன. பள்ளியும் மருத்துவமும் கடைகளும் அங்கேதான் இருந்தன. இளையோர் ஒவ்வொருவராக இறங்கிச் சென்றார்கள். வளர்ச்சி ஊருக்குள் ஏறி வராததால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவாரும் இல்லை. 1977இல் நாட்டுப்புறக் கட்டடக்கலைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டபோது இங்கே மரவீடுகள் மிஞ்சியிருந்ததற்கு மக்கள் வெளியேறியதும் ஒரு காரணம் என்பதை எண்ண வருத்தமாகவே இருக்கிறது.

இன்று பல வீடுகள் விடுமுறைக் குடில்கள். உரிமையாளர்கள் வார இறுதியிலும் கோடையிலும் வந்து போகிறார்கள். ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் சிலருக்கோ, பல்லாயிரக்கணக்கில் வரும் பயணிகளின் நடுவே அன்றாட வாழ்வை நடத்த வேண்டியிருக்கிறது. துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியை வேலிக்கு அப்பாலிருந்து சிலர் படமெடுத்ததை நானே பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பட்டியலில் இருந்தே ஊரை எடுத்துவிட்டால் நல்லது என்று இங்கு வாழ்வோர் சிலர் சொன்னதாகச் செய்திகளில் வந்ததுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. போகிறவர்கள் முற்றங்களுக்குள் நுழையாமல், கேட்காமல் படமெடுக்காமல், நுழைவுக் கட்டணத்தைத் தயங்காமல் செலுத்திவிட்டு நடக்க வேண்டும்.

ஊருக்கு மேலே உள்ள புல்வெளிக்கு ஏறியபோது, யுனெஸ்கோ மதித்த அந்தப் பட்டை நிலங்களின் ஓரங்களில் புதர்களும் இளமரங்களும் கிளைத்திருந்தன. கூரைச் சில்லுகளை மாற்றவும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் நிதி ஒதுக்கலாம், வெளியூரிலிருந்து தச்சர்களை அழைக்கலாம். இந்தச் சரிவுகளில் ஆடு மேய்வதற்கும் ஆண்டுதோறும் புல் அறுப்பதற்கும் இங்கேயே குடியிருக்கும் குடும்பங்கள் வேண்டும். அவை இல்லாத இடங்களில் காடு கீழே இறங்கி வந்துகொண்டிருக்கிறது.