பால்குடமும் பாப்பாவோட லைன் ஆஃப் சிமெட்ரியும்

முருகா, நீ இல்லாட்டி நான் இல்லப்பா. இதை முதல்ல சொல்லிட்டு மத்ததெல்லாம் எழுதறேன்.

சிங்கப்பூர்ல தைப்பூசத்துக்கு பால்குடம் எடுத்தேன். வேண்டுதல் என் அம்மாவோடது, சுமந்தது நான். அம்மாவுக்கு முட்டி வலி, சிராங்கூன் ரோடு பெருமாள் கோவில்ல இருந்து டேங்க் ரோடு முருகன் கோவில் வரைக்கும் 3 கிலோமீட்டருக்கு மேல வெறுங்கால்ல நடக்க முடியாது. போன வருஷம் என் பொண்ணு பாப்பா பி4, அதாவது பிரைமரி நாலாம் வகுப்பு. கணக்குல சிமெட்ரி பாடம், எந்தக் கோட்டுல மடிச்சா ரெண்டு பாதியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும்னு கண்டுபிடிக்கணும், அது வந்ததுல இருந்து வீட்டுல தினமும் அழுகைதான். ரெக்டேங்கிளுக்கு நாலு கோடு போட்டுட்டு வருவா. மூலைக்கு மூலை குறுக்கால போட்டா ரெண்டு பாதியும் ஒண்ணாதானே இருக்குனு கேப்பா. ஒரே அளவுதான், அது சரி, ஆனா அந்தக் கோட்டுல மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது, அதனால ரெக்டேங்கிளுக்கு 2 தான், ஸ்கொயருக்குத்தான் 4. சாஞ்ச ரெக்டேங்கிள் மாதிரி இருக்கற பேரலலோகிராம் வந்தா போச்சு, எப்படி மடிச்சாலும் சேராது, ஒரு கோடுகூட கிடையாதுனு சொன்னா பேப்பரைக் கசக்கி எறிஞ்சுடுவா. நானும் கத்திட்டேன், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

அம்மா ஒண்ணும் பேசல. தாம்பாளத்துல இருந்து ஒரு வெத்தலைய எடுத்து நடு நரம்புல மடிச்சு பாப்பா கையில குடுத்தாங்க, அவ்ளோதான். அன்னைக்கே மஞ்சத்துணியில காசு முடிஞ்சு சாமி ரூம்ல வெச்சுட்டாங்க, பிள்ளை அழாம கணக்கு போடணும் முருகானு. மார்க்கு கூட கேக்கல பாருங்க, அழாம இருந்தா போதும்னு கேட்டாங்க.

விடிய நாலு மணிக்கெல்லாம் போயிட்டோம், அப்பவே கூட்டம். தைப்பூசத்துக்கு 1968ல இருந்து இங்க லீவு கிடையாது, அதனால எல்லாரும் விடியறதுக்கு முன்னாடி முடிச்சுட்டு வேலைக்கு ஓடணும்னு வர்றாங்க. பூ வாங்கற இடத்துல விலை கேட்டா தலை சுத்துது, பேரம் பேசினா திருப்பிக்கூட பாக்கல. வழியில செல்ஃபி எடுக்கறவங்க ஒரு பக்கம், தலையில குடத்தோட நிக்கிறவள இடிச்சுட்டு போற ஆளு ஒரு பக்கம், ஒருத்தர் சொந்தக்காரர் முன்னாடி நிக்கிறார்னு சொல்லி பத்து பேரோட உள்ள நுழையறார். வாய் வரைக்கும் வந்துச்சு, விரதமாச்சேனு அடக்கிட்டேன்.

பாதி வழியிலேயே பாப்பாவுக்கு கால் வலி. தூக்கவும் முடியாது, தலையில குடம். அப்ப முன்னாடி போன காவடியில சட்கோணம், அதான் ரெண்டு முக்கோணம் சேர்ந்த ஆறு முனை நட்சத்திரம், வெச்சிருந்தாங்க, இதுக்கு எத்தனை கோடு சொல்லுனு சும்மா கேட்டேன். முனைக்கு முனை போட்டு 3னு சொன்னா. கொஞ்ச தூரம் பேசவே இல்ல, அப்புறம் திடீர்னு இல்லம்மா, பள்ளத்துல இருந்து எதிர் பள்ளத்துக்கும் போடலாம், இன்னொரு 3, மொத்தம் 6! எனக்கு சத்தியமா அது தோணவே இல்ல. அதுக்கப்புறம் கால் வலியே மறந்துபோச்சு அவளுக்கு, மயிலிறகு 1, கோலத்துல எட்டிதழ் தாமரை 8, ஸ்வஸ்திக் ஒண்ணுமே இல்ல, சுத்தினா மட்டும் அதே மாதிரி வருது, மடிச்சா வராதுனு அவளே சொல்றா. தமிழ் எழுத்தையும் விடல. ப ஒண்ணு, ஃ புள்ளிய சரியான தூரத்துல வெச்சா மூணாம். பின்னாடி வந்த அக்கா ஒருத்தங்க சிரிச்சுட்டே கேட்டுட்டு வந்தாங்க.

வாசல்ல துவாரபாலகர் ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்துட்டு, ஒரே சிலை ரெண்டு இல்லம்மா, இவர் தூக்குற கை அவருக்கு எதிர் கை, கண்ணாடில பாக்கற மாதிரினு சொன்னா. உள்ள கூரைல சாமி உருவம் பொறிச்ச 48 கண்ணாடி இருக்கே, அதைக்கூட நிமிர்ந்து பாக்க விடாம பின்னாடி தள்ளறாங்க.

பாலைக் குடுத்துட்டு நிமிர்ந்தேன். தண்டாயுதபாணி. ஒரு விநாடிதான் கிடைச்சுது. நகருங்க நகருங்கனு சத்தம், கண்ணு நிறைய தண்ணி, ஒண்ணும் சரியா தெரியல. பாப்பா என் முந்தானையப் புடிச்சு இழுத்து காதுல சொல்றா, "அம்மா, கோவில்ல எல்லாத்துக்கும் கோடு இருக்கு, முருகனுக்கு இல்லம்மா. வேல் ஒரு பக்கம் மட்டும் இருக்கு பாரு. வேலுக்கு மட்டும் தனியா ஒண்ணு இருக்கு."

நான் அங்கயே விம்மி அழுதுட்டேன். என்ன வேண்டிக்கணும்னு வீட்டுல இருந்து யோசிச்சுட்டு போனது ஒண்ணும் ஞாபகம் வரல. எத்தனை வருஷமா கும்பிடறேன், வேல் ஒரு பக்கம் மட்டும் இருக்கறத நான் இப்படி பாத்ததே இல்ல. பேப்பரைக் கசக்கின பிள்ளை. யாரு சொல்லிக் குடுத்தா? நான் இல்ல, டியூஷன் டீச்சர் இல்ல.

வீட்டுக்கு வந்து அம்மா கால்ல விழுந்தேன். விபூதிய பூசிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. இப்ப பாப்பா பி5, ஃபிராக்ஷன் ஆரம்பிச்சிருக்கு. நேத்து பாத்தா சாமி ரூம்ல புதுசா ஒரு மஞ்சத்துணி முடிச்சு.