இரவு பத்து மணிக்கு மேல் 'நோ கேரியர்'

2006-ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக் கணினியில், விண்டோஸைப் போன்ற ஆனால் இலவசமான இயங்குதளமான உபுண்டு லினக்ஸை நிறுவினேன். கேட்டவர்களுக்கெல்லாம் குறுவட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. உறையைப் பிரித்துப் பார்த்த அப்பா, "இதுக்கு நாம எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டார். ஒன்றும் கட்ட வேண்டாம் என்றேன். அவர் அதை நம்பவில்லை. நம்பாதது எவ்வளவு சரி என்பது பிறகு தொலைபேசி பில் வந்தபோது தெரிந்தது.

முதல் தடங்கல் மோடத்தில், அதாவது தொலைபேசி லைன் வழியாகக் கணினியை இணையத்தோடு இணைக்கும் கருவியில். கணினிக்குள் பொருத்தியிருந்தது, லினக்ஸ்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டே உச்சரிக்கும் 'வின்மோடம்' வகை. மோடம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை விண்டோஸில் ஓடும் டிரைவரின், அதாவது கருவியை இயக்கும் நிரலின், தலையில் கட்டிவிட்டுத் தான் சும்மா இருக்கும் அட்டை அது. லினக்ஸுக்கான டிரைவரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்குப் போக மோடம் வேலை செய்ய வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். இரண்டு வாரம் பிரவுசிங் சென்டருக்கும் வீட்டுக்கும் ஃப்ளாப்பியோடு அலைந்தபின், சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடம் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்தேன். அதை லினக்ஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

டயல் செய்வதற்கு 'டபிள்யூவிடயல்' என்ற நிரலைப் பயன்படுத்தினேன். கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரையில் அதன் பெயரை அடித்தால் போதும். மோடத்தின் சிவப்பு விளக்குகள் படபடக்கும், சிறிய ஸ்பீக்கரில் டயல் டோன் கேட்கும், எண்கள் ஒலிக்கும், பிறகு இரண்டு பூனைகள் தகர டப்பாவுக்குள் சண்டையிடுவதுபோல ஒரு நீண்ட இரைச்சல் எழுந்து அடங்கும். 56 கே (நொடிக்கு 56 கிலோபிட், அதாவது ஏழு கிலோபைட்) என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் நொடிக்கு நாலு கிலோபைட் வந்தால் பெரிய விஷயம். 100 எம்பி மேம்படுத்தலை இறக்க ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகும். இரவில்தானே அதைச் செய்ய முடியும்? அப்பாவுக்கோ இரவில்தானே தூக்கம்?

"ராத்திரி பதினோரு மணிக்கு இது என்னடா ஓலம்?" என்று அவர் ஒரு நாள் எழுந்துவந்து கேட்டார். மறுநாளே அமைப்புக் கோப்பைத் திறந்து, மோடத்துக்கு அனுப்பும் தொடக்கக் கட்டளையின் கடைசியில் 'எம் சைபர்' என்று சேர்த்தேன். ஸ்பீக்கரை முற்றிலும் அணைக்கும் கட்டளை அது. அன்றிரவு விளக்குகள் மட்டும் மௌனமாகச் சிமிட்டின, இணைப்பும் வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து இணைப்பு நின்றுபோனது. ஏடிடிடி என்ற டயல் கட்டளையோடு எண் போகும். கேரியருக்காக, அதாவது மறுமுனை மோடத்தின் சமிக்ஞைக்காக, காத்திருப்பதாக டெர்மினல் சொல்லும். சற்று நேரத்தில் 'நோ கேரியர்' என்று வந்து விழும். மறுபடி முயல்வதாகச் சொல்லும். லைன் பிஸியாக இருந்தால் 'பிஸி' என்று வர வேண்டும். டயல் டோன் இல்லாவிட்டால் அதற்கென்று ஒரு செய்தி இருக்கிறது. இரண்டும் வரவில்லை. மறுமுனையில் மோடம் எடுக்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

பிறகு நான் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மோடத்தைப் பயன்படுத்த அனுமதி உள்ள 'டயல்அவுட்' குழுவில் என் பயனர் பெயரைச் சேர்த்தேன். போர்ட் வேகத்தைக் குறைத்தேன். டயல் டோனுக்குக் காத்திருக்காதே என்று 'எக்ஸ் 3' கட்டளை கொடுத்தேன். இணைப்பே வராத நிலையில், இணைப்பு வந்தபிறகு தளங்களின் பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ் முகவரிகளைக்கூட மாற்றினேன், தலைவலிக்கு முழங்காலில் தைலம் தடவுவதுபோல. கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், 'ஸ்டூப்பிட் மோட்' என்ற வரிக்கு 'யெஸ்' என்று எழுதினேன். விளையாட்டில்லை, டபிள்யூவிடயலில் அப்படியொரு அமைப்பு உண்மையிலேயே உண்டு. மறுமுனை கேட்கும் பெயர், கடவுச்சொல் கேள்விகளை ஆராயாமல் நேரே பிபிபி என்ற இணையத் தொடர்பு முறையைத் தொடங்கச் சொல்வது. எழுதிவிட்டு டயல் செய்தேன். முதல் முயற்சியிலேயே இணைப்பு கிடைத்தது. முட்டாள்தனம்தான் கைகொடுத்தது என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன்.

அன்றிரவு பத்தரைக்கு மறுபடியும் நோ கேரியர்.

எரிச்சலில், மோடம் என்னதான் செய்கிறது என்று கேட்டுவிடலாமென எம் சைபரை 'எம் 1' ஆக மாற்றினேன். டயல் டோன் வந்தது, எண்கள் ஒலித்தன, பூனைச் சண்டைக்குப் பதிலாக ஒரு பெண் குரல், இந்தத் தொலைபேசியிலிருந்து வெளியே அழைக்கும் வசதி இல்லை என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் மிகப் பொறுமையாக அறிவித்தது. இத்தனை நாளும் அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். கேட்கவிடாமல் வாயை அடைத்தவன் நான்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா கதவருகில் நின்றிருந்தார்.

"பில்லைப் பாத்தேன். போன்ல ரகசிய எண் அடிச்சுப் பூட்டற டைனமிக் லாக் போட்டுட்டேன். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பூட்டுவேன், காலைல காபி குடிச்சதும் திறப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா!"

"நீதான் தினமும் என்னென்னமோ சரி பண்ணிட்டிருந்தியே. பூட்டையும் கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன்."

இரவு ஒன்பது முதல் பத்து வரை பூட்டுவதில்லை என்று பேசி முடித்தோம். ரகசிய எண்ணை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. எம் 1 அப்படியே இருந்தது, ஓலம் நின்றதும் உள்ளறையிலிருந்து "கிடைச்சிடுச்சா?" என்று குரல் வரும். ஸ்டூப்பிட் மோடையும் நான் மாற்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்புக் கிடைத்தது காபியால்தான் என்று தெரிந்தபிறகும், அந்த வரியில் கைவைக்கத் துணிச்சல் வரவில்லை.