இரண்டு ஸ்டாஃபுக்கும் ஒரே தண்டு: லில்லிபாண்டில் நான் பட்ட பாடு

இசையமைப்புப் படிப்பின் கடைசிப் பருவத்தில், சொந்தமாக எழுதிய மூன்று பியானோ துண்டுகளை அச்சுப்பிரதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இசைக்கு மட்டுமல்ல, நொட்டேஷன் (இசையைக் குறிகளாக எழுதுவது) எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நான் இசைக்குறிகளை அச்சுக்குத் தயார்செய்யும் லில்லிபாண்ட் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடும். 1996-இல் நெதர்லாந்துக்காரர்களான ஹான்-வென் நீன்ஹாய்ஸும் யான் நியூவன்ஹாய்சனும் தொடங்கியது. மவுஸால் நோட்டை இழுத்து வைக்கும் வேலையே கிடையாது, எல்லாம் தட்டச்சுதான். நோட்டுப் பெயர்கள்கூட டச்சு வழக்கப்படி: எஃப் ஷார்ப் என்றால் 'ஃபிஸ்', பி ஃபிளாட் என்றால் 'பெஸ்'. முதல் வாரம் உறுத்தும், அப்புறம் கை தானாகப் போகும்.

சிக்கல் வந்தது இரண்டாவது துண்டில். பியானோ இசையை இரண்டு ஸ்டாஃபில், அதாவது மேலும் கீழுமான இரண்டு ஐந்துகோட்டு வரிசைகளில் எழுதுவார்கள். கீழே தாழ்ந்த நோட்டுகளுக்கான பேஸ் கிளெஃபில் சி, ஜி. மேலே உயர்ந்த நோட்டுகளுக்கான ட்ரெபிள் கிளெஃபில் இ, சி. நான்கையும் கீழிருந்து மேல்வரை ஒரே தண்டு (நோட்டுத் தலையிலிருந்து கிளம்பும் செங்குத்துக் கோடு) கோத்துக்கொண்டு போக வேண்டும். கையால் எழுதினால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு, முடிந்தது வேலை. இங்கே அது மூன்று வாரம் தின்றது.

முதலில் நான்கு நோட்டையும் ஒரே கோண அடைப்புக்குள் போட்டு, நடுவில் ஸ்டாஃபை மாற்றும் கட்டளையைச் செருகிப் பார்த்தேன். பிழைச் செய்திதான் வந்தது. ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளின் தொகுப்பு, ஒரு ஸ்டாஃபில்தான் இருக்கும். அடைப்புக்குள் ஸ்டாஃப் மாற முடியாது. அடுத்து, கீழ்க் கார்டின் தண்டு நீளத்தை எண்ணாகக் கொடுத்து மேலே முட்டும்வரை கூட்டினேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கையில், இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவே சில ஹேர்பின்களை (ஒலி கூடுவதையும் குறைவதையும் காட்டும் குறிகள்) சேர்த்தேன். அவற்றுக்கு இடம்விட மென்பொருள் ஸ்டாஃபுகளைத் தள்ளிவைத்தது. 14 இடங்களில் தண்டு அந்தரத்தில் நின்றது. எண் கொடுத்துச் செய்யும் எந்தத் திருத்தமும் இப்படித்தான், பக்க அமைப்பு அசைந்தால் போச்சு.

சரியான வழி, அதை ஒரே கார்டு என்று நினைப்பதை விடுவதுதான். ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு கார்டுகளை அவரவர் ஸ்டாஃபில் எழுத வேண்டும். கோப்பின் லேஅவுட் பகுதியில், இரண்டு ஸ்டாஃபையும் சேர்த்துக் கவனிக்கும் பியானோஸ்டாஃப் என்ற சூழலுக்குள், தண்டுகளை இணைக்கும் ஸ்பான் ஸ்டெம் எங்ரேவர் (Span_stem_engraver) என்ற கூறைச் சேர்க்க வேண்டும். மூன்று சொல்லும் அடிக்கோட்டால் ஒட்டியிருக்கும், முதல் எழுத்து மட்டும் பெரியது. பழைய பதிப்புகளுக்கான குறிப்புகளில் இதன் முன்னால் ஹாஷ் குறி இருக்கும். உங்கள் பதிப்பின் கையேட்டைப் பார்த்து எழுதுங்கள். அதன்பின் கீழ் ஸ்டாஃபில் தண்டை மேல்நோக்கி வைத்து, அந்த நோட்டுகளை 'கிராஸ்ஸ்டாஃப்' கட்டளைக்குள் போட்டால் தண்டு தானே மேலே போய்ச் சேர்ந்துகொள்ளும். ஸ்டாஃபுகள் எவ்வளவு விலகினாலும் கூடவே நீளும்.

இத்தனைக்குப் பிறகும் ஓரிடத்தில் மட்டும் ஒட்டவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. கோப்பை வரி வரியாகப் பார்த்துக் கண் பூத்துப்போனது. கடைசியில் பார்த்தால், அங்கே மேல் கார்டு இ, சி அல்ல. சி-க்குப் பதில் அதற்கும் மேலே உள்ள ஜி. ட்ரெபிள் ஸ்டாஃபின் நடுக்கோடு பி. இ அதற்கு நான்கு படி கீழே, இந்த ஜி ஐந்து படி மேலே. தூரம் அதிகமான நோட்டு எந்தப் பக்கமோ அதைப் பார்த்துத்தான் தண்டின் திசை முடிவாகும். ஆகவே தண்டு கீழே திரும்பிவிட்டது. கீழ்நோக்கிய தண்டு நோட்டுத் தலையின் இடப்பக்கம் நிற்கும், மேல்நோக்கியது வலப்பக்கம். இரண்டும் நேர்கோட்டில் இல்லாதபோது எப்படிச் சேரும்? மேல் ஸ்டாஃபில் 'ஸ்டெம்அப்' போட்டேன், ஒட்டிக்கொண்டது. உங்களுக்கும் ஒட்டாவிட்டால் முதலில் திசையைப் பாருங்கள்.

எட்டில் ஒரு பங்கு நீளமுள்ள நோட்டுகள் (எய்ட்த் நோட்) இருந்தால் கீழ் ஸ்டாஃபில் 'ஆட்டோபீம்ஆஃப்' வேண்டும். இல்லையென்றால் மேலே ஒரு பீம் (தண்டுகளைச் சேர்க்கும் தடித்த கோடு), கீழே ஒரு பீம் என்று இரட்டிப்பாகும். தண்டின் முனையில் தொங்கும் கொடியை கிராஸ்ஸ்டாஃபே எடுத்துவிடும்.

என் ஆசிரியர் தண்டுகளைவிட அதிகம் கவனித்தது ஆர்பெஜியோவை, அதாவது கார்டின் நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கச் சொல்லும் அலைக்கோட்டை. இரண்டு ஸ்டாஃபிலும் தனித்தனி அலைக்கோடு போட்டிருந்தேன். "ரெண்டு கையும் ஒண்ணா ஆரம்பிக்கணுமா, கீழேயிருந்து மேலே வரிசையா போகணுமா?" என்று கேட்டார். நான் நினைத்தது இரண்டாவது, தாளில் இருந்தது முதலாவது. பியானோஸ்டாஃபுக்கு 'கனெக்ட்ஆர்பெஜியோஸ்' என்பதை இயக்கி, இரண்டு கார்டிலும் ஆர்பெஜியோ குறி வைத்தால் ஒரே நீளமான அலைக்கோடு வரும். தண்டு தவறினால் தாள் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இது தவறினால் வாசிப்பே மாறிவிடும்.

இந்த வித்தை கைவந்ததும் கண்ட இடத்திலெல்லாம் போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே தண்டைப் பார்த்தால் வாசிப்பவர் ஒரே கையா என்று யோசிப்பார். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃபின் சி ஷார்ப் மைனர் பிரிலூட் என்ற பியானோ துண்டில், முதல் கருப்பொருள் பெரிய கார்டுகளோடு திரும்பி வரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு ஸ்டாஃபுக்குள் திணிக்காமல் நான்கு ஸ்டாஃபில் விரித்து எழுதியிருக்கும். அதைப் பார்த்த பிறகு என் துண்டில் பாதித் தண்டுகளைப் பிரித்துவிட்டேன்.

புதிதாக எதைச் செய்து பார்ப்பதானாலும் இரண்டு பார் (இசையின் தாள அளவு) மட்டும் உள்ள தனிக் கோப்பில் செய்யுங்கள். லில்லிபாண்ட் கோப்புகளை எழுத உதவும் ஃப்ரெஸ்கோபால்டி எடிட்டரில், பக்கத்தில் தெரியும் நோட்டைக் கிளிக் செய்தால் அதற்குரிய எழுத்துக்கே கர்சர் போய்விடும். பிழை தேடும் நேரம் பாதியாகும். சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை தாளிலும் அச்செடுத்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு உறுத்தாத ஒரு தண்டு, ஏ4 தாளில் ஹேர்பினைக் குத்திக்கொண்டு நின்றது.