மஞ்சக் கடுதாசி கொடுத்தால் கடன் போய்விடுமா?

"அவன் ஐ.பி. போட்டுட்டான்", "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்" என்று ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் பேசிக்கொள்ளும்போது, ஆள் தப்பித்துவிட்டான் என்ற தொனிதான் இருக்கும். அவர் செய்தது என்னவோ, கடனைக் கட்ட முடியவில்லை என்று நொடிப்பு மனு (இதுதான் ஐ.பி.) போட்டு, தன் சொத்தைக் கோர்ட் கையில் ஒப்படைத்ததுதான்.

வேலூர்ப் பக்கம் சாதாரண ஆளுக்கு இதில் பொருந்துவது 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். 2016 திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தின் வயசைப் பாருங்கள்: 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம்!

மனுவில் கைமாத்து, சீட்டுப் பாக்கி உட்பட யாருக்கு எவ்வளவு என்று முகவரியோடு எழுத வேண்டும். சொத்தின் இடமும் மதிப்பும் வேண்டும். வேண்டுமென்றே மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை.

பலர் சறுக்குவது அதற்கு முன்பே. கடன் கழுத்தை நெரித்ததும் வீட்டை மனைவி பேரிலோ மச்சான் பேரிலோ எழுதிவைப்பார்கள். நொடித்தவர் என்று தீர்ப்பானால், அதற்குக் காரணமான மனுவுக்கு முந்தைய 2 வருஷத்துக்குள் நடந்த அப்படிப்பட்ட தானப் பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்குப் பயமில்லை. சொந்தக்காரர் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கடனை அடைத்திருந்தால், அதற்கு மனுவுக்கு முந்தைய 3 மாதம்தான் கணக்கு.

எல்லாமே போய்விடாது. கட்டுத்துணி, படுக்கை, சமையல் பாத்திரம், மனைவி கழுத்துத் தாலி, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் ஆகியவற்றில் கை வைக்க முடியாது. தானே உட்கார்ந்து நெய்கிறவர் தன் தறிக்கு இந்த விலக்கைக் கேட்கலாம்; ஆள் வைத்து ஓட்டும் பத்து விசைத்தறிக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அடகு நகையும் அடமான வீடும் வேறு கணக்கு. கையில் ஈடு வைத்திருப்பவர் அதை விற்று எடுத்துக்கொள்வார். செக் பவுன்ஸ் வழக்கும் இதனால் நிற்காது. ஜாமீன் போட்ட நண்பருக்கும் விடுதலை கிடையாது. உங்களை விட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

நொடித்தவராக இருக்கும்வரை எம்.எல்.ஏ. ஆக முடியாது, கம்பெனி டைரக்டராகவும் முடியாது. நிலைமையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் அதுவும் குற்றம்.

தீர்ப்பிலேயே விடுவிப்பு மனுவுக்கு, அதாவது கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கும் மனுவுக்கு, ஒரு கெடு குறித்திருப்பார்கள். தீர்ப்பு நகல் வந்ததும் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கெடுவுக்குள் போடாவிட்டால் தீர்ப்பே ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் பழைய பத்திரங்களோடு திரும்ப வருவார்கள்.