ஐந்து மடங்கு

அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில், முன்னாள் படைவீரர்களுக்கு ஊன உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அவர்களிடம் காசு வாங்குவதில்லை. எனக்குச் சம்பளம் தருவது கவுண்டி.

போன மாதம் வந்தவர் வியட்நாமில் போரிட்டவர், வயது எழுபத்தாறு. நீல ஃபைலிலிருந்து ஓர் ஒப்பந்தத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, மடிப்பை விரலால் நீவிவிட்டார். இதய நோயைச் சேர்த்ததில் அவருடைய ஊன சதவீதம் 10-இலிருந்து 60 ஆகியிருந்தது. மாதம் சுமார் 1,200 டாலர் கூடுதல். விண்ணப்பம் எழுதிக் கொடுத்த தனியார் நிறுவனத்துக்குக் கட்டணம், அதைப் போல் ஐந்து மடங்காம். 6,000 டாலர்!

எனக்கு வயிறெரிந்தது. வியட்நாமில் இருந்தவருக்கு இதய ரத்தக்குழாய் நோய் வந்தால், அது அந்தப் போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என 2010-லேயே விதி வந்துவிட்டது. பணிச் சான்றும் டாக்டர் அறிக்கையும் இருந்தால் என் மேஜையில் முக்கால் மணி நேர வேலை.

முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். முடிவு வந்தபின், மேல்முறையீட்டுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற வக்கீலோ ஏஜென்டோ வாங்கலாம். படைவீரருக்குக் கிடைக்கும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று கணக்கும் உண்டு. ஆனால் மீறினால் தண்டனை என்ற பிரிவை 2006-இல் எடுத்துவிட்டார்கள். பல் பிடுங்கிய பாம்பு. இந்த நிறுவனமோ 'ஆலோசனை' மட்டும் சொன்னதாம்; விண்ணப்பத்தில் அதன் பெயரே இல்லை. 1862-லேயே பென்ஷன் தரகர்களுக்கு 5 டாலர்தான் என்று வரம்பு கட்டிய நாடு இது. லூசியானா மாநிலமோ 2024-இல் இப்படிப்பட்ட நிறுவனங்களை 12,500 டாலர் வரை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டது. தண்டனை திரும்ப வர வேண்டும் என்பதே என் கட்சி.

“ஏன் அவர்களிடம் போனீர்கள்?” என்றேன்.

“உங்கள் ஆபீஸுக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த நிறுவனத்தில் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.”

நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் கட்டாதீர்கள், முதலில் வக்கீலிடம் காட்டுவோம், புகாரும் எழுதுவோம் என்றேன். “கையெழுத்துப் போட்டுவிட்டேனே” என்றார். ராணுவத்துக்காரர், அதற்குமேல் அவரிடம் பேச்சு எடுபடவில்லை.

எழுந்தவர், பக்கத்து வீட்டு நண்பருக்கும் ஒரு நேரம் குறித்துத் தர முடியுமா என்று கேட்டார். பார்த்தேன். ஏழு வாரம் ஆகும் என்று காட்டியது.