லிமிடெட்னா எதுக்கு அளவு?

போன வாரம் அப்பாவோட திருவல்லிக்கேணில ஒரு மெஸ்ஸுக்குப் போயிருந்தேன். உக்காந்ததுமே அப்பா "ரெண்டு அளவு சாப்பாடு"ன்னாரு, பரிமாறுற தம்பி உள்ள திரும்பி "ரெண்டு லிமிடெட்"னு குரல் குடுத்தாரு. ரெண்டும் ஒண்ணுதான், ஒரு கிண்ணம் சாதம், சின்னச் சின்ன கப்புல சாம்பார் ரசம் கூட்டு பொரியல், மறுபடி சாதம் வேணும்னா தனிக் காசு. ஆனா எனக்கு லிமிடெட்னு கேட்டா இதுக்கு மேல கிடையாதுன்னு சொல்ற மாதிரியும், அளவுன்னு கேட்டா நம்ம வயித்தப் பாத்து வச்ச மாதிரியும் இருக்கும். அம்மா டெய்லர்கிட்ட அளவு ஜாக்கெட் குடுப்பாங்கல்ல, அந்த அளவு. உப்பு அளவா இருக்குன்னா கம்மின்னா அர்த்தம்? சரியா இருக்குன்னுதானே.

சாப்பிட்டு பஸ்ஸுக்கு நிக்கும்போது அப்பா கேட்டாரு, "சென்னை பஸ் ஓட்டுற எம்டிசி பேருலயே லிமிடெட்னு இருக்கே, ஊரெல்லாம் பஸ் ஓடுது, இதுல என்னடா லிமிட்டு?"

நல்ல கேள்வி. கம்பெனி எவ்ளோ பெருசா வேணா வளரலாம், அளவு அதுக்கு இல்ல, பங்கு வாங்கினவங்க பொறுப்புக்குத்தான். 10 ரூபா பங்கு 100 வாங்கி, இதுவரைக்கும் 600 ரூபா கட்டியிருக்கோம்னு வைங்க, கம்பெனி கடன்ல மூழ்கினாலும் நம்மகிட்ட கேக்கக்கூடியது மிச்சம் 400 மட்டும்தான், வீட்டு மேல கை வைக்க முடியாது. இத தமிழ்ல "வரையறுக்கப்பட்ட நிறுவனம்"னு எழுதுறாங்க, படிக்கிறவங்களுக்கு கம்பெனியவே கட்டிப் போட்ட மாதிரி தோணும், எனக்கு அதுல உடன்பாடே இல்ல. பொறுப்புங்கிற வார்த்தை அதுல கண்டிப்பா வரணும். இன்னொண்ணு, சின்ன பிரைவேட் லிமிடெட்டுக்கு லோன் குடுக்கும்போது பேங்க்ல பர்சனல் கேரண்டி, அதாவது கம்பெனி கட்டலன்னா நானே கட்டுறேன்னு எழுதிக் கேப்பாங்க, அதுல கையெழுத்துப் போட்டுட்டா அந்தக் கடனுக்கு இந்த அளவு காப்பாத்தாது, படிச்சுப் பாத்துட்டு போடுங்க.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அவரும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேந்து பிரஸ் வச்சிருந்தாங்க, சாதாரண பார்ட்னர்ஷிப், 1932ஆம் வருஷ சட்டப்படி அதுல ஒவ்வொரு பார்ட்னரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. பிரஸ் நொடிச்சப்ப அம்மா வளையல் போச்சு, வீட்டுப் பத்திரம் ஆறு வருஷம் அடமானத்துல இருந்துச்சு.

பஸ் வந்துச்சு. ஏறி உக்காந்தப்புறம், "இந்த ஒரு வார்த்தைய அப்ப எங்களுக்கு யாரும் சொல்லலையேடா"ன்னாரு.