எடை மெஷினை நம்பி வாக்கிங்கை நிறுத்தாதீர்கள்

மதுரையில் ஒரு கல்லீரல் ஓ.பி.யில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும். வலி கிடையாது, மஞ்சள் காமாலை கிடையாது, நிறைய பேருக்குக் குடிப்பழக்கமும் கிடையாது, அப்புறம் எப்படி லிவரில் கொழுப்பு என்று கேட்பார்கள். மாத்திரை தராமல் இங்கே அனுப்பிவிட்டாரே என்ற வருத்தம் வேறு. கீழாநெல்லி சாப்பிடலாமா என்றுதான் பல நேரம் பேச்சே தொடங்கும்.

'வாக்கிங் போங்க' என்று போகிற போக்கில் சொல்லி அனுப்புவதில் எனக்கு உடன்பாடே இல்லை. சர்க்கரை மாத்திரையை 'தோணும்போது போட்டுக்கோங்க' என்று யாரும் சொல்வதில்லையே. இதற்கும் அளவு உண்டு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும். கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை. அதற்கு ஜிம் வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்கிறவர்களைக் கவிழ்த்துவிடுவது எடை மெஷின். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, மாதக்கணக்கில் விடாமல் மொட்டை மாடியில் நடந்தவர், 'ஒரு கிலோகூட இறங்கல தம்பி, எதுக்கு இது' என்று நிறுத்தப் போனார். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. அவருக்கு நார்மலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது, இடுப்புச் சுற்றளவும் குறைந்திருந்தது. அவரைப் போல எத்தனை பேர் சொல்லாமலே நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் எடை அப்படியே இருந்தாலும் கல்லீரல் கொழுப்பு குறையும். 2023-ல் வந்த, 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை இதை எம்.ஆர்.ஐ. அளவுகளோடு காட்டியது. கொழுப்பு முன்பிருந்ததில் 30 சதவீதமாவது குறைகிற வாய்ப்பு, பயிற்சி செய்தவர்களுக்குச் செய்யாதவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல்.

காரணம் தசையில் இருக்கிறது. வேலை செய்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் இன்சுலினும் நன்றாக வேலை செய்யத் தொடங்கும், கல்லீரல் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுவதும் வயிற்றுக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து சேர்வதும் குறையும். நிறுத்தினால் இந்தப் பலனும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

எடை குறைந்தால் இன்னும் நல்லதுதான். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 வரை போனால் கல்லீரல் வீக்கம் அடங்கும், கல்லீரலில் விழுந்த தழும்பு ஆறுவதற்குப் பெரும்பாலும் 10 சதவீதமாவது குறைய வேண்டும். அதற்குச் சாப்பாட்டிலும் கை வைத்தாக வேண்டும், தட்டில் சோற்றைக் குறைக்காமல் நடந்தால் மட்டும் அவ்வளவு தூரம் போக முடியாது.

'வீட்டு வேலை முழுக்க நான்தான் செய்றேன், அது பத்தாதா?' என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. உடம்பு அலுத்துப்போகும், ஆனால் மூச்சு வாங்குகிற வேகம் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அதில் கிடைப்பது அரிது. உண்மையில் அவர்களுக்கு இல்லாதது நேரம். அதனால் கூட வந்த கணவரையோ மகனையோ உள்ளே கூப்பிட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் அடுப்படியை யார் பார்த்துக்கொள்வது என்று அங்கேயே பேசி முடித்துவிடுகிறேன்.

சிரோசிஸ் வரை, அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போன நிலை வரை போய், உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் பளு தூக்கக் கூடாது. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஃபேட்டி லிவருக்கான ரெஸ்மெடிரோம் மாத்திரையைக்கூட உணவுக்கட்டுப்பாடு, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். அதனால் எங்கள் ஓ.பி. சீட்டிலும் நிமிடம், வேகம், வாரத்துக்கு எத்தனை நாள் என்று மருந்துப் பட்டியலிலேயே எழுதச் சொல்லி டாக்டர்களிடம் கேட்டேன். இப்போது பாதிப் பேர் எழுதுகிறார்கள், மற்றவர்களிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.